மலிவாக வந்த மாளிகை

பழைய பயணிகள் விமானம் ஒன்றை வாங்குவது பெரிய காரியமல்ல. பணமிருந்தால் போதும். அதைக் கட்டித் தீனி போடுவதுதான் கஷ்டம். யானை வளர்த்த கதைதான். எல்விஸ் பிரெஸ்லியிடம் இதை யார் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கப் போவதில்லை.

1975 ஏப்ரலில் அவர் வாங்கியது, டெல்டா நிறுவனம் ஓட்டிக் கழித்த கான்வேர் 880. விலை 2.5 லட்சம் டாலர். நான்கு என்ஜின்கள், ஏறக்குறைய 100 பேருக்கு இடம், மற்ற ஜெட்களை முந்தும் வேகம். இவ்வளவும் இந்த விலைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. கான்வேர் எரிபொருளைக் குடித்தே தீர்க்கும். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடி விலை எகிறியதும், அமெரிக்க விமான நிறுவனங்கள் அதைக் கைகழுவின. கணக்குப் பார்த்த கம்பெனிகள் வேண்டாம் என்றதைக் கணக்கே பார்க்காத ஒரு பாடகர் வாங்கினார்.

டெக்சாஸில் மாதக்கணக்கில் வேலை நடந்தது. வரிசை வரிசையாக இருந்த இருக்கைகள் போய், படுக்கையறை வந்தது. கூடிப் பேச ஒரு மேஜை, சாய்ந்துகொள்ள சோபாக்கள், தொலைபேசி. கட்டிலுக்குக்கூட சீட் பெல்ட் உண்டு. பெல்ட் கொக்கிகளுக்குத் தங்க முலாம். அலங்காரச் செலவு விமானத்தின் விலையையே மிஞ்சியது. முகப்பில் ‘லிசா மேரி’ என்று எழுதினார்கள். அது எல்விஸின் ஒரே மகளின் பெயர். அப்போது அவளுக்கு 7 வயது. பெற்றோர் 1973-ல் விவாகரத்துச் செய்துவிட்டதால், அவள் தாயுடன் லாஸ் ஏஞ்சலீஸில் இருந்தாள். அப்பா மெம்ஃபிஸில்.

இதே எல்விஸ்தான் 1956-ல் பறக்க பயந்தவர். நடுவானில் என்ஜின் கோளாறில் சிக்கிய பிறகு, அம்மாவின் பேச்சைக் கேட்டு ரயிலில் ஊர் ஊராகப் போனவர். இருபது வருடத்தில் நிலைமை தலைகீழ். தெருவில் இறங்கி நடக்க முடியாத புகழ். வீட்டை விட்டுப் போகவேண்டுமானால், இன்னொரு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து போனால்தான் உண்டு.

1976-ன் தொடக்கத்தில் ஓர் இரவு, டென்வரில் கிடைக்கும் ஒரு சாண்ட்விச்சைப் பற்றிப் பேச்சு வந்தது. நீள ரொட்டிக்குள் வேர்க்கடலை வெண்ணெய், திராட்சை ஜாம், பன்றி இறைச்சி. உடனே நண்பர்களோடு விமானம் ஏறினார். சுமார் 1,400 கிலோமீட்டர். டென்வரில் ஊருக்குள் போகவில்லை. விமான நிலையத்துக்கே சாண்ட்விச்சை வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே திரும்பிவிட்டார்கள். ஊதாரித்தனம் என்று உலகம் சிரித்தது. அத்தனை தூரம் போயும் ஒரு ஓட்டல் படியேற முடியவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

1977 ஆகஸ்ட் 16 இரவு அவர் அடுத்த கச்சேரிப் பயணத்துக்குப் புறப்பட வேண்டியது. அன்று பகலிலேயே இறந்துபோனார். வயது 42. விமானத்தை அவர் அனுபவித்தது இரண்டு வருடம்கூட இல்லை. கச்சேரிக்குப் போகவேண்டிய லிசா மேரி, இறுதிச் சடங்குக்காக முன்னாள் மனைவி பிரிசில்லாவை அழைத்துவர லாஸ் ஏஞ்சலீஸ் போனது. மறுவருடம் எல்விஸின் தந்தை அதை விற்றார்.

1984-ல் அது மெம்ஃபிஸுக்கே திரும்பி வந்தது, காட்சிப்பொருளாக. எல்விஸின் கிரேஸ்லேண்ட் வீட்டுக்கு எதிரே நிற்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். பெயருக்குரிய மகளும் 2023 ஜனவரியில் இறந்து, தந்தை புதைக்கப்பட்ட அதே தோட்டத்தில் அடக்கமானார். கட்டில் இருக்கிறது, தங்கக் கொக்கிகள் இருக்கின்றன. பயணம்தான் இல்லை.