பிஸ்கட் டப்பா டாக்டர்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று எப்போதோ யாருக்கோ வாங்கி, பாதி சாப்பிட்டு மீதி வைத்த மாத்திரைகள்தாம் அதில் குடியிருக்கும். அந்த டப்பாவுக்கு நான்தான் டாக்டர். பத்திரிகையில் வேலை பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நானும் கெடுத்ததில்லை.

ஐப்பசி அடைமழையில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, தொண்டை கட்டிக்கொண்டது. வயது 68. ஆஸ்த்மாவுக்காகக் கொஞ்ச நாளாக ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டு வந்தார்.

"இதற்குப் போய் டாக்டர் எதற்கம்மா? உன் டப்பாவில் ஏதாவது இருந்தால் கொடேன்" என்றார்.

டப்பாவில் லெவோஃப்ளாக்சசின் மாத்திரை மூன்று இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு எனக்குச் சிறுநீரகத்தில் தொற்று வந்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் பரிசோதனை செய்து பார்த்து ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் ஆபீஸ் போனேன். மீதி மூன்றும் டப்பாவுக்குப் போயின. என்னையே எழுப்பி உட்கார வைத்த மாத்திரை, அத்தையின் தொண்டைக்கு எம்மாத்திரம்? நாளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். தொண்டை சரியாயிற்று. "உன் கை ராசி" என்றார் அத்தை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, கோலம் போட வாசற்படி இறங்கியவர் "அம்மாடி!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது குதிகாலுக்கு மேலே வீக்கம். தொட்டால் துடித்துப் போனார். தைலம் தடவினோம், ஒத்தடம் கொடுத்தோம். கேட்கவில்லை. டாக்டரிடம் போனோம்.

காலை அமுக்கிப் பார்த்த டாக்டர், "சமீபத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

அத்தை என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "கடையில் ஏதோ வாங்கிப் போட்டுக் கொண்டேன், டாக்டர்" என்றார்.

என்னைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை அவருக்கு! எனக்குத் தொண்டை அடைத்தது. "இல்லை டாக்டர், நான்தான் கொடுத்தேன்" என்று மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

டாக்டர் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிறதே, அந்தத் தசைநாரை இந்த ஜாதி மாத்திரை சில பேருக்குப் பாதிக்கும். அபூர்வம்தான். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அபாயம் அதிகம். சில பேருக்கு அறுந்தே போகும். உங்கள் அத்தைக்கு அறவில்லை, அதிர்ஷ்டம்" என்றார். போகிற போக்கில், அந்தத் தொண்டை வலி மாத்திரை இல்லாமலே போயிருக்கும் என்றும் சொன்னார். பெரும்பாலும் வைரஸால் வருவது அது. இந்த மாத்திரைகள் பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடுப்பதற்கு முன் படித்திருக்க வேண்டியதை அப்போதுதான் படித்தேன்.

இந்த மருந்துக் குடும்பத்தின் கதை ருசியானது. அமெரிக்காவில் மலேரியா மருந்தான குளோரோகுவினைத் தயாரிக்கும்போது கூடவே கிடைத்த ஒரு பொருளை ஆராயப் போய், ஜார்ஜ் லெஷரும் அவர் கூட்டாளிகளும் 1962-ல் நாலிடிக்சிக் அமிலத்தைக் கண்டார்கள். அது சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும் உதவியது. பிறகு அந்த அமைப்பில் ஃப்ளோரின் அணு ஒன்றைச் சேர்த்தார்கள். வீரியம் பன்மடங்கு கூடிவிட்டது. ஜப்பானில் நார்ஃப்ளாக்சசின், ஜெர்மனியில் சிப்ரோஃப்ளாக்சசின் என்று 1980-களில் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன. 'ஃப்ளோரோகுவினோலோன்' என்பது குடும்பப் பெயர்.

இவை வேலை செய்யும் விதமும் வேடிக்கைதான். பாக்டீரியாவுக்குள் இருக்கும் மரபு இழை, அதன் உடம்பைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு நீளம். நூல்கண்டு சிக்கலாகாமல் இருக்க, ஒரு நொதி அதை வெட்டி, முறுக்கைச் சரிசெய்து, மறுபடி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த மருந்து, வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் அந்த நொதியைப் பிடித்துக் கொள்கிறது. இழை துண்டாகிக் கிருமி சாகிறது.

இவ்வளவு கெட்டிக்கார மருந்தை எதற்கெடுத்தாலும் கொடுத்ததில்தான் வந்தது வினை. 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, தசைநார் ஆபத்தைக் கறுப்புக் கட்டம் போட்டு அச்சிடச் சொன்னது. 2016-ல், சைனஸ் தொல்லை, மார்ச்சளி, நம் பெண்களுக்கு அடிக்கடி வருகிற சாதாரணச் சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. 2018-ல், இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்குவது, மனக் குழப்பம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய் கிழிவது என்று எச்சரிக்கை இன்னும் நீண்டது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளைக் கூடவே விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அதற்காக மருந்தையே திட்டிவிட முடியுமா? என் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது அதுதானே! மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு இன்றைக்கும் லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் கை கொடுக்கின்றன. ஆனால் ஒரு காலத்தில் டைபாய்டுக்கு ராமபாணமாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு, இப்போது நம் நாட்டு டைபாய்டுக் கிருமி பெரும்பாலும் அடங்குவதில்லை. கண்டபடி சாப்பிட்டுச் சாப்பிட்டு, கிருமிக்கு நாமே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு வாத்தியாரம்மா.

அத்தை இரண்டு மாதம் தடி ஊன்றி நடந்தார். மார்கழியில் ஒரு நாள்கூட அவரால் வாசலில் கோலம் போட முடியவில்லை. நான் போட்டேன். திண்ணையில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளி கோணல்" என்று திருத்துவார். மாத்திரையைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தை பிறந்ததும் டப்பாவைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காய வைத்தேன். மறுநாள் பார்த்தால், அத்தை அதில் நிஜமாகவே பிஸ்கட் வாங்கி நிரப்பியிருந்தார்.

"இனிமேல் பாதி தின்றுவிட்டு மீதியைத் தாராளமாக வை அம்மா" என்றார்.