கற்றாழைத் தேறல்

மதுவைப் பற்றி எழுதுவது நம்மவரிடையே இன்று சற்றுக் கூச்சந்தரும் செயலாகும். சங்கச் சான்றோர்க்கு அக்கூச்சம் இருந்ததில்லை. தேறல் என்றும் நறவு என்றும் வகைபிரித்து அவர்கள் பாடினர். பின்வந்த அறநூலார் கள்ளுண்ணாமையை வற்புறுத்தினர். இரண்டும் நம் மரபே. குடியைப் போற்றுவதற்கோ பழிப்பதற்கோ நான் முற்படவில்லை. மெக்சிக்கோ நாட்டில் ஒரு செடியை வடித்தெடுத்து வாழும் மக்களைப் பற்றிக் கண்டும் கற்றும் அறிந்த சிலவற்றைச் சொல்வதே என் எண்ணம்.

அச்செடி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் நாட்டில் வேலியோரங்களில் முள்நுனி இதழ்களோடு நிற்கும் ஆனைக்கற்றாழை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அகாவே இனங்களுள் ஒன்று. மருந்துக்கு உதவும் சோற்றுக்கற்றாழை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அகாவேயில் ஏறத்தாழ 200 இனங்கள் உள. அவற்றுள் முக்காற்பங்கு மெக்சிக்கோவில் வளர்வன. இவற்றிற் பெரும்பாலானவை வாழ்நாளில் ஒரேயொரு முறை பூப்பன. ஆண்டுக்கணக்காக இனிப்பைத் தன் அடித்தண்டிற் சேமித்து, இறுதியிற் பல மீற்றர் உயரத்துக்குப் பூந்தண்டை நீட்டி, பூத்து மடிகின்றன. குலை தள்ளிய வாழை மடிவதை நாம் அறிவோம். ஆனால் வாழைக்கு ஓராண்டு போதும். அகாவேக்கு ஆறாண்டு முதல் இருபத்தைந்தாண்டு வரை வேண்டும். இந்தக் காத்திருத்தலை மனத்திற் கொள்ளாதவருக்கு அம்மதுவின் வரலாறும் சுவையும் விளங்கா.

வடித்தல் தோன்றுவதற்கு மிக முன்னரே அங்கு 'புல்க்கே' என்னும் கள் இருந்தது. பூந்தண்டு எழும் தறுவாயில் அதன் குருத்தை வெட்டிக் குழியாக்கி, நாள்தோறும் குழியின் சுவரைச் சுரண்டி, ஊறும் பதநீரை நீண்ட சுரைக்குடுவையால் உறிஞ்சி எடுப்பர். பனையிற் பாளை சீவுவோரைக் கண்டு வளர்ந்த எனக்கு, அத்தொழிலைப் பற்றி முதலிற் படித்தபோது வியப்பிலும் உறவுணர்ச்சியே மேலோங்கியது. சில திங்கள் சுரந்தபின் அச்செடி மடியும். அஸ்தெக்கு மக்கள் கற்றாழையை மாயாவெல் என்னும் பெண்தெய்வமாகவும், வெறியின் பல்வேறு நிலைகளை நானூறு முயல்களாகவும் கருதினர். குடித்தவன் எந்த முயலின் வசப்படுவான் என்பதை யாரும் முன்னறிய முடியாது என்பது அதன் உட்பொருள் போலும். முதியோர்க்கு அவர்கள் தாராளமாக இடமளித்தனர். இளையோர் வெறிகொள்வதைக் கடுமையாகத் தண்டித்தனர்.

புல்க்கே எவ்வாறு வடிமது ஆயிற்று என்பது அறிஞரிடையே வழக்காக உள்ளது. ஸ்பானியர் வருமுன்னரே வடித்தல் இருந்தது எனச் சிலர் வாதிப்பர். ஸ்பானியர் கொணர்ந்த வாலையே மூலம் என்பர் வேறு சிலர். நம்மைக் கவர வேண்டியது மூன்றாவது கருத்து. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காப்புல்க்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் வந்திறங்கிய பிலிப்பைன்ஸ் மக்கள் மேற்குக் கரையிலுள்ள கொலிமாவில் தென்னை வளர்த்து, கள்ளிறக்கி, அதனைக் காய்ச்சி வடித்தனர். அவர்களது எளிய வாலையே மலையடிவாரத்துக் கற்றாழைக்கும் பயன்பட்டது என்பதைப் புவியியலாளர் ஹென்றி புரூமன் 20ஆம் நூற்றாண்டில் எடுத்துரைத்தார். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்பெயினிலிருந்து வந்த மதுவின் விற்பனையைக் காக்கவேண்டித் தென்னஞ் சாராயம் தடுக்கப்பட்டபோது, வடிப்போர் கற்றாழையை நாடி மலைகளுக்குள் மறைந்தனர் என்பதும் இக்கருத்தினரின் ஊகம். கொலிமாவில் இன்றும் தென்னங்கள் 'தூபா' என்னும் பிலிப்பைன்ஸ் பெயராலேயே விற்கப்படுகிறது. கள்ளும் சாராயமும் அறிந்த தீவினராகிய நமக்கு இச்செய்தி வெறும் அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வஹாக்கா மாநிலத்திற் சில வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு வடிக்கப்படுவது மெஸ்கால். சமைத்த கற்றாழை என்னும் பொருளுடைய நாவாத்தில் மொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. அத்தொழிலின் நெஞ்சு சமையலே என்பதைப் பெயரே உணர்த்துகிறது. இதழ்களை வெட்டி நீக்கியபின் எஞ்சும் அடித்தண்டு, பெரிய அன்னாசிப் பழம் போலத் தோன்றுவதால் 'பீஞ்ஞா' எனப்படும். ஐம்பது கிலோகிராமைத் தாண்டும் பீஞ்ஞாக்களும் உண்டு. நிலத்திற் குழிதோண்டி, விறகெரித்துக் கற்களைச் செந்தணலாக்கி, அவற்றின்மேற் பீஞ்ஞாக்களைக் குவித்து, சக்கையும் மண்ணும் இட்டு மூடிவிடுவர். மூன்று முதல் ஐந்து நாளில் உள்ளிருக்கும் இனுலின் பழவெல்லமாக மாறும். புகைமணமும் அப்போதே ஏறுகிறது. பின்னர்க் குதிரை இழுக்கும் கல்லுருளையால் அரைத்து, திறந்த மரத்தொட்டிகளில் இட்டு, காற்றில் உலவும் மதுவத்தின் பொறுப்பில் விட்டுவிடுவர். நொதித்தது செம்புப் பாண்டத்தில் இருமுறை வடிக்கப்படும். சாந்தா கத்தரீனா மீனாஸ் என்னும் ஊரில் மட்பாண்டத்தில் வடிக்கும் வழக்கம் இன்றும் அழியவில்லை.

நான் சென்ற வடிசாலையின் முதியவர் வடித்ததை மூங்கிற்குழலால் உறிஞ்சிச் சுரைக்கிண்ணத்திற் பீய்ச்சினார். விளிம்பில் முத்துவடம் போற் குமிழ்கள் சூழ்ந்து நின்றன. அவை நிற்கும் நேரத்தைப் பார்த்து, "நாற்பத்தெட்டு" என்றார். உடனிருந்த இளைஞர் ஒருவர் மானியை மிதக்கவிட்டுப் பார்த்தபோது வேறுபாடு ஒன்றுக்கு மேற்படவில்லை. கொல்லையில் தெப்பெஸ்தாத்தே என்னும் இனத்தின் நாற்றுகள் சில நின்றன. இவை எப்பொழுது வடிப்புக்கு உதவும், ஐயா, எனக் கேட்டேன். முற்றத்தில் நடை பழகிக்கொண்டிருந்த குழந்தையைச் சுட்டி, "பேரனின் கலியாணத்துக்கு" என்றார். ஆண்டுக் கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

இனந்தோறும் சுவை மாறும். எஸ்பதீன் என்பது பெருவழக்கானது. ஆறு முதல் எட்டு ஆண்டில் முதிரும். சிறிய தோபலாவில் மலர்மணம் மிகும். தெப்பெஸ்தாத்தேயிற் பச்சிலை மணமும் காரமும் கலந்திருக்கும். பழங்களும் கோழி நெஞ்சிறைச்சியும் வாலையில் தொங்கவிட்டு மூன்றாமுறை வடிப்பது 'பெச்சூகா', அது விழாக்காலத்துக்குரியது. சொனோராவில் வடிப்பது பக்கனோரா. அது 1915இல் தடைசெய்யப்பட்டு, 1992 வரை மறைவில் வாழ்ந்தது. ஹலிஸ்கோ மலைப்பகுதிக்குரியது ராய்சீயா. புட்டியிற் கிடக்கும் புழுவைத் தொன்மரபு எனப் பலர் நம்புவர். அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வணிகர் புகுத்திய கவர்ச்சியே.

இவ்வனைத்தினும் புகழ்பெற்ற தெக்கீலா, மெஸ்காலின் ஒரு வகையாகவே பிறந்தது. ஹலிஸ்கோவிலுள்ள தெக்கீலா என்னும் ஊரில், 1795இல் குவெர்வோ குடும்பத்தினர் ஸ்பானிய அரசின் உரிமம் பெற்றனர். 1873இல் செனோபியோ சௌசா தமது வடிசாலையைத் தொடங்கினார். நிலக்குழிக்குப் பதிலாக நீராவி அடுப்பு வந்தது, புகைமணம் விடைபெற்றது. 1974இல் அப்பெயர் சட்டத்தாற் காக்கப்பட்டது. நீல அகாவே ஒன்றையே பயன்படுத்தவேண்டும் என்பது விதி. ஆயினும் இனிப்பில் 51 வீதம் அதிலிருந்து வந்தாற் போதும் என்பதும் விதியே. ஆகவே 'நூறு வீதம் அகாவே' எனப் பொறிக்கப்பட்டுள்ளதா என நோக்கவேண்டும். வடித்தவாறே புட்டியேறுவது வெள்ளை. இரண்டு திங்களேனும் மரப்பீப்பாயிற் கிடந்தது 'ரெப்போசாதோ'. ஓராண்டு கிடந்தது 'அஞ்ஞேஹோ'. மூன்றாண்டு கிடந்ததற்குரிய தனிவகை 2006இல் ஏற்பட்டது. செடியின் சுவையை அறிய விரும்புவோர் வெள்ளையையே நாடுதல் நன்று. பீப்பாயிற் கிடந்ததில் மரமும் சேர்ந்து பேசும்.

புகழோடு அவசரமும் வந்தது. நீல அகாவே பூத்தால் இனிப்புக் குன்றிவிடும். ஆகவே பூந்தண்டு எழுமுன் வெட்டப்படுகிறது. வித்து இல்லை, பக்கக் கன்றுகளே மீண்டும் மீண்டும் நடப்படுகின்றன. இதனாற் பிறப்புரிமைப் பல்வகைமை அருகி, பெருந்தோட்டங்கள் ஒரே செடியின் நகல்களாயின. 1990களின் இறுதியில் பங்கசும் பற்றீரியாவும் தாக்கியபோது எதிர்த்து நிற்க வேற்று வலிமை அவற்றிடம் இருக்கவில்லை. இரவில் அகாவேப் பூக்களிற் தேனருந்தி மகரந்தம் பரப்பும் நீள்மூக்கு வௌவால்களும் உணவிழந்தன. உயிரியலாளர் ரொட்றிகோ மெதெயின் முதலியோரின் முயற்சியால், 100க்கு 5 செடிகளைப் பூக்கவிடும் உழவர்க்கு 2016 முதல் தனிச் சான்று வழங்கப்பட்டது. நூற்றுக்கு ஐந்து மிகையான ஈகையன்று. அதற்கும் மனமற்ற வேகம்தான் அச்சந் தருகிறது.

அவ்வேகம் உழவரையும் வாட்டுகிறது. செடி முதிர ஆண்டுகள் ஆகும். சந்தையோ ஓராண்டில் மாறிவிடும். தட்டுப்பாட்டுக் காலத்திற் கிலோகிராமுக்கு 30 பெசோ அளவில் விற்ற நீல அகாவே, எல்லோரும் நட்டபின் 2024இல் அதன் சிறு பங்கு விலைக்கே போயிற்று. சட்டமும் ஏழைக்கு எளிதாக அமையவில்லை. மெஸ்கால் என்னும் பெயர் 1994இற் காப்புப் பெற்றது. அன்று முதல், வரையறுத்த எல்லைக்கு வெளியில் வாழ்பவரும், சான்றுக்குச் செலவிட இயலாதவரும் தம் பாட்டனார் வழங்கிய பெயரைப் புட்டியில் எழுத முடியாது. 'அகாவே வடிப்பு' என்றே எழுதவேண்டும். ஒரு பெயரைக் காக்க எழுந்த வேலி, அப்பெயரை ஈன்றவர் சிலரையே வெளியே நிறுத்திவிட்டது.

அருந்தும் முறையிலும் இவ்விரு காலக்கணக்குகளையும் காணலாம். உப்பை நக்கி, எலுமிச்சையைக் கடித்து, ஒரே விழுங்கில் முடிப்பது அவசரத்தின் வழி. குறைபட்ட மதுவின் சுவையை மறைக்க அது மிகவும் உதவும். வஹாக்காவில் அகன்ற வாயுடைய சிறு கிண்ணத்தில் ஊற்றி, உதட்டில் முத்தமிடுவதுபோல் சிறிது சிறிதாகச் சுவைப்பர். முதல் மிடறு நாவை எரிக்கும். இரண்டாவதில் வெந்த கற்றாழையின் இனிமை தோன்றும். மூன்றாவதில் மண்ணும் புகையும் இனத்தின் தனிமணமும் பிரிந்து தெரியும். அருகே தோடம்பழத் துண்டு இருக்கும். உரையாடல் நீளும், கிண்ணம் அவ்வளவு விரைவில் ஒழியாது. நானூறு முயல்களுக்கும் அங்கு வேலை குறைவு.

அம்மதுவைச் சுவைக்க வாய்ப்புடையோர்க்கு ஒன்று சொல்வேன். புட்டியின் அழகை விடுத்து, அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எந்த இனம், எந்த ஊர், எவர் வடித்தது என்பன அங்கு உண்டா எனப் பாருங்கள். அவற்றைச் சொல்லும் புட்டி, ஒரு செடியின் எட்டாண்டுக்கோ இருபத்தைந்தாண்டுக்கோ கணக்குக் காட்டுகிறது. நட்டவருக்கும் வடித்தவருக்கும் உரிய கூலி அக்கணக்கைக் கேட்டு வாங்குவோரால் மட்டுமே போய்ச்சேரும். அது போய்ச்சேர்ந்தாற்றான் நாளையும் சில செடிகள் வெட்டுப்படாமற் பூந்தண்டு நீட்டி நிற்கும். இரவில் வௌவால்களும் அவற்றைத் தேடி வரும்.