மேற்கோளும் மாத்திரையும்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெருமையை, அவர்தம் கட்டுரைகளைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணி அளப்பது இக்கால வழக்கு. மேற்கோளின் அருமையை யாம் நன்கறிவோம். தகடூர் யாத்திரை என்னும் நூல் இறந்துபட்டும், உரையாசிரியரும் தொகுப்பாசிரியரும் எடுத்தாண்ட சில செய்யுட்களால் அன்றோ அதன் பெயர் இன்றும் வழங்குகின்றது! ஆயினும் எல்லாப்பிரகட சுப்பாராவின் வரலாற்றைக் கற்ற பின்னர், அவ்வளவுகோலின்மேல் எமக்கு ஐயம் பிறந்தது.

1895-இல் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற இவர், 1923-இல் ஹார்வர்டு சென்றார். 1925-இல் பிஸ்கே என்பாருடன் இவர் வெளியிட்ட கட்டுரை, இரத்தம் முதலியவற்றிலுள்ள பாஸ்பரஸை நீலநிறத்தின் செறிவுகொண்டு அளக்கும் முறையைக் கூறுவது. அதனை மேற்கோள் காட்டியோர் மிகப் பலர்; இருவர் பெயரும் அம்முறைக்கே பெயராயின. வியப்பென்ன? செய்முறை கூறும் கட்டுரையை, அதனைக் கையாளுவோர் சுட்டியே தீரவேண்டும்.

நிற்க. 1948-இல் சிட்னி பார்பர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை அமினாப்டெரின் என்னும் மருந்து சின்னாள் தணித்ததைக் கட்டுரையாக வெளியிட்டார். அம்மருந்து சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெற்றது. கட்டுரையாசிரியர் வரிசையிலோ அவர் பெயரில்லை. அவ்வாண்டிலேயே அவர் காலமானார்.

யானைக்கால் நோயைத் தடுக்க எம் பெற்றோர் ஆண்டுதோறும் விழுங்கிய மாத்திரையும் 1947-இல் அவர் குழுவினர் வெளிப்படுத்திய மருந்தே. அதை உண்டோர் கோடிக்கணக்கினர். அவருள் அடிக்குறிப்பு எழுதுவார் யார்? எம் தாயாரிடம் இவ்வரலாற்றைச் சொன்னோம். "அந்த மாத்திரையா? தலை சுற்றுமே!" என்றார்.