ஸ்காஜிட் ஆற்றங்கரையில் ஓர் எடைக் கணக்கு

சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஸ்காஜிட் என்றால் டூலிப் பூக்கள்தான். ஏப்ரல் வந்தால் குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு, மவுண்ட் வெர்னன் வயல்களில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அந்த வயல்களுக்கு வண்டல் கொண்டுவந்து கொட்டிய ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கிழக்கே போகவேண்டும். 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் கான்கிரீட் என்ற ஊரைத் தாண்டினால் ராக்போர்ட். பனிமலையில் இருந்து இறங்கும் சாக் ஆறு ஸ்காஜிட்டோடு கலக்கும் இடம் அது. குளிர்காலத்தில் போனால் கரையோர மரங்களில் வெண்தலைக் கழுகுகளைப் பார்க்கலாம்.

இங்கே தூண்டில்காரர்கள் தேடி வருவது ஸ்டீல்ஹெட். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கு வரும் மீன். ஆறோ அகலம். கரை முழுக்க மரங்கள். தூண்டிலைப் பின்னால் வீச இடமே கிடையாது. அதற்குத்தான் பன்னிரண்டு, பதிமூன்று அடி நீளமுள்ள இரட்டைக் கைத் தூண்டில். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பிறந்த வீச்சு இது. கயிற்றைத் தண்ணீரிலேயே ஊன்றி, பின்னால் ஒரு வளையம் மட்டும் விட்டு, முன்னால் எறிய வேண்டும்.

நுனியில் கட்டும் ‘ஃப்ளை’ வெறும் இறகும் நூலும்தான். அதற்கென்று எடை கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு போவது கயிற்றின் எடை. கயிறு லேசாக இருந்தால் கம்பு வளையாது, வீச்சு காலடியிலேயே விழும். ரொம்பக் கனமாக இருந்தால் கம்பு தளர்ந்துபோகும்; கொக்கி காதோரம் பறக்கும்.

கம்பில் 8 என்று போட்டிருக்கிறதே, 8-ஆம் எண் கயிறு வாங்கினால் போதாதா? போதாது. ஒற்றைக் கைத் தூண்டிலுக்கு முதல் 30 அடியின் எடைதான் கணக்கு. 8 என்றால் 210 கிரெயின். இரட்டைக் கையில் அதே 8-ஆம் எண் கம்பு 500 கிரெயினுக்கு மேலும் கேட்கும். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். தட்டான் தராசில் ஒரு குன்றிமணி வைத்தால் ஏறக்குறைய இரண்டு கிரெயின்.

எண்ணை விட்டுவிட்டு கிரெயினையும் நீளத்தையும் பாருங்கள். கயிற்றின் கனமான முன்பகுதியை ‘ஹெட்’ என்பார்கள். ஸ்காண்டி ஹெட் 30 அடிக்கு மேல் நீளம், லேசு. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும். சின்ன ஃப்ளைக்கு அது அழகு. 1990-களில் எட் வார்டு போன்றவர்கள் இந்தப் பக்கத்து ஆறுகளில் உருவாக்கியது ஸ்காஜிட் ஹெட். 20 முதல் 25 அடிதான், ஆனால் கனம் அதிகம். தண்ணீரில் நன்றாக ஊன்றி இழுக்கும். ஆழத்துக்கு இறங்கும் ‘சிங்க் டிப்’பையும் பெரிய ஃப்ளையையும் அது தூக்கிவிடும். டி-11 என்ற டிப் அடிக்கு 11 கிரெயின். பத்தடி கட்டினால் 110. ஹெட் 540 என்றால் மொத்தம் 650. ஒரே கம்புக்கு ஸ்காஜிட்டைவிட ஸ்காண்டி கொஞ்சம் குறைவாக எடுப்பது வழக்கம்.

ஊரில் இருந்து வந்திருந்த அப்பாவை ஒரு ஏப்ரலில் அங்கே கூட்டிப் போனேன். தாமிரபரணியில் வீச்சு வலை போட்டவர். இந்தக் கிரெயின் கணக்கை விளக்க ஆரம்பித்ததும் பாதியிலேயே நிறுத்தினார். “ஈயக்குண்டு சரியில்லன்னா வலை விரியுமாடா? இதுக்கா இவ்வளவு நேரம்?”

அடுத்த கேள்விதான் கஷ்டம். “அப்ப, புடிச்சா குழம்பு வைக்க முடியாதா?”

முடியாது. இந்தப் பகுதி ஸ்டீல்ஹெட் 2007-இல் அழியும் அபாயப் பட்டியலுக்குப் போனது. ஸ்காஜிட்டின் வசந்தகாலத் தூண்டில் பருவம் 2010-இல் மூடப்பட்டு, 2018-இல்தான் திறந்தது. முள் இல்லாத ஒற்றைக் கொக்கி. காட்டு மீன் கிடைத்தால் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் விட்டுவிட வேண்டும். விட்டாலும் சில மீன் பிழைக்காது என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “முட்டையோட வர்றத தொந்தரவு பண்ணத்தான் வேணுமா?”

என்னிடம் முழுசான பதில் இல்லை. கரைக்கு வருகிறவர்கள் இருப்பதால்தான் இந்த ஆற்றுக்காகப் பேசவும் ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதன்பிறகு ஒரு நாளில் ஒரு மீன் கையில் வந்துவிட்டால், அன்றைக்குக் கயிற்றைச் சுற்றிவிடுகிறேன். பெரும்பாலும் அந்த ஒன்றும் வருவதில்லை.

போக நினைப்பவர்கள் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வரும் மீன் குறைவு என்று கணித்தால் பருவமே திறக்காது. 15 வயது ஆனவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். தூண்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஃபிளாஸ்கில் காபியோடு போங்கள். சாக்கின் கலங்கல் தண்ணீரும் ஸ்காஜிட்டின் பச்சையும் கலக்கும் இடத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.