நிறுவுதலும் அமைத்தலும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கும் சர்வருக்கும் யாது இயைபு என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். எம் துறையிலுள்ள பழைய மலர்கள் தொட்டால் நொறுங்கும் நிலையில் உள்ளன. சிலவற்றிற்கு வேறு படியும் இல்லை. அவற்றைப் படமெடுத்து, எவ்வூரில் இருப்போரும் படிக்குமாறு வைத்தற்கு ஒரு லினக்ஸ் சர்வர் வேண்டியதாயிற்று. அப்பணியை ஏற்ற யாம் அதனால் அறிந்தவற்றை ஈண்டு ஒரு சிறிது உரைப்பாம்.

லினக்ஸை 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அந்நாளில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணாக்கர். அதனோடு பிற மென்பொருள்களையும் சேர்த்து, டெபியன் என்னும் தொகுப்பை 1993இல் தொடங்கிய இயான் மர்டாக்கும் அமெரிக்க நாட்டில் ஒரு மாணாக்கரே. யாம் தேர்ந்ததும் டெபியனே.

இதில் மென்பொருளை நிறுவுதல் மிக எளிது. ஆப்ட் என்னும் கருவிக்கு ஒரு வரிக் கட்டளை இட்டால், வேண்டிய பொதியையும், அப்பொதி சார்ந்து நிற்கும் பிற பொதிகளையும் அதுவே கொணர்ந்து, அவற்றின் மூலத்தைக் கையொப்பத்தால் சோதித்து நிறுவிவிடும். என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வரை நிறுவ எமக்குச் சில நொடிகளே சென்றன. அதனை அமைக்கவோ மூன்று மாலைகள் சென்றன. அமைப்புக் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபடினும் அது எழ மறுக்கும். ஒற்று ஒன்று மிகுதலாலும் மிகாமையாலும் பொருள் வேறுபடுதலைக் கற்கும் எமக்கு இக்கண்டிப்பு புதிதன்று. உரிமைகளை அளந்து கொடுத்தலும் இன்றியமையாதது. மலர்களை வழங்கும் நிரலுக்கு அவற்றைப் படிக்கும் உரிமை போதும். மாற்றும் உரிமை வேண்டா.

இவ்வளவு செய்தும் ஐயம் முற்றும் நீங்குவதில்லை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். அதன் பராமரிப்பில் ஈராண்டிற்கு மேல் உதவி நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024ஆம் ஆண்டில் அதனுள் ஒரு கள்ள வாயிலை மறைத்து வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் புகப் பயன்படும் எஸ்எஸ்எச், எக்ஸ்இசட்டை நேரே நாடுவதன்று. இடைநின்ற வேறொரு நூலகத்தின் வழியே அத்தீங்கு அதனை அடைந்தது. உள்நுழைய அரை நொடி மிகுதியாதலைக் கண்ட ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறிஞர், அதன் காரணத்தை விடாது ஆராய்ந்து மார்ச்சு 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளை எட்டிய அது நிலைப் பதிப்பை எட்டுமுன் தடுக்கப்பட்டது.

ஆகவே, கையொப்பம் பொதி வந்த வழியை உறுதிசெய்யுமேயன்றி, அதன் உள்ளத் தூய்மையை உறுதிசெய்யாது என்பது தெளிவு. இது கருதி, யாம் நிலைப் பதிப்பையே கொண்டு, வேண்டாத பொதிகளை விலக்கி, மலர்களின் படியொன்றை வேறொரு கணினியிலும் வைத்துள்ளோம். வாரந்தோறும் பதிவேடுகளைப் படிக்க முறை வகுத்துள்ளோம். யாம் கல்லூரியை விட்டு நீங்கியபின் இச்சர்வரைக் காக்க வருவோர்க்காக, இட்ட கட்டளைகள் அனைத்தையும் காரணத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வருகின்றோம். இளைய வகுப்பினர் அதனைத் தொடர்ந்து எழுதுவாராக.