பந்தலுக்குச் சொல்லும் முன்



கோடை விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் சுன்னத் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பந்தலுக்கும் பிரியாணிக்கும் சொல்லும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, இரத்தம். என் வகுப்பில் ஒரு பையன் பல் விழுந்தால்கூட நாள் முழுக்க இரத்தம் துப்புவான். அவன் உம்மா சுன்னத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டினார். ஹீமோஃபிலியா என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் உறையும் மருந்து ஏற்றிச் செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. இது பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. தாய்மாமன்களுக்கு இருந்ததா என்று விசாரியுங்கள்.

இரண்டு, சிறுநீர்த் துளை. நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் இருந்தால் சுன்னத் செய்யக் கூடாது. அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல் தேவைப்படும். "சுன்னத் ஆகியே பிறந்தவன்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் குறைதான் இருக்கும்.

முடிந்தபின் துணி நனைய இரத்தம் வந்தாலோ, காய்ச்சல், சீழ் கண்டாலோ, சிறுநீர் போகாமல் அழுதாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பிள்ளையின் உயிரைக் காப்பதும் மார்க்கம்தான். தேதி தள்ளிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது.