சியால்டாவில் இறங்கும் மாணவி

காலை எட்டரை மணி. சியால்டா ஸ்டேஷனின் தெற்குப் பகுதியில் கேனிங் லோக்கல் வந்து நின்றதும் பெட்டிகளிலிருந்து ஜனம் கொட்டுகிறது. மீன்கூடைகள், கீரைக்கட்டுகள், தூக்குச்சட்டியோடு கட்டட வேலைக்காரர்கள். அவர்களுக்கு நடுவே பையை நெஞ்சோடு அணைத்தபடி கல்லூரிப் பெண்கள். தெற்கு 24 பர்கானா மாவட்டத்திலிருந்து கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் பலர் ஜாதவ்பூர், டாகுரியா, பாலிகஞ்ச் நிலையங்களிலேயே இறங்கிவிடுகிறார்கள். அப்படி இறங்கிய ஒருவரின் மகளுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

என்னோடு வந்திருப்பவர் லேக் மார்க்கெட் பக்கம் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ் அக்கா. அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைக்கும் அம்மாவை எல்லோரும் 'மாஷி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாஷியின் இளைய மகள் கல்லூரியில் புவியியல் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். படிப்புக்கு அக்கா பணம் தருகிறார். இங்கே ஒரு ஏழைப் பெண் பட்டம் வாங்க உண்மையில் எதற்கெல்லாம் பணம் வேண்டியிருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதை நேரில் பார்க்கவே வந்தேன். பெயரை எழுத வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். அக்காவை அவள் 'காகிமா' என்கிறாள், சித்தி என்பதைப்போல.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் அவள் ஆட்டோ, பஸ் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. காலேஜ் ஸ்ட்ரீட் வரைக்கும் தினமும் நடைதானாம். நாங்களும் நடந்தோம். அவள் வங்காள மொழியில் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டேன். அது பெரிய தொகை இல்லை என்றாள். அரசு உதவியோடு நடக்கும் கல்லூரி அது. விண்ணப்பத்துக்கும் செலவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2024இல் மேற்கு வங்க அரசு இளநிலைப் படிப்புகளுக்கு ஒரே இணையதளச் சேர்க்கையைக் கொண்டுவந்தது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அந்த முதல் வருடத்தில் சேர்ந்தவள் இவள். ரயிலுக்கு மாதச் சீட்டு, அதுவும் தாங்கக்கூடியதுதான்.

பிறகு எதற்குத்தான் பணம்? நடந்துகொண்டே விரல்விட்டு எண்ணினாள். நோட்ஸ் ஜெராக்ஸ். பிராக்டிகல் நோட்டு, வரைபடத் தாள்கள். மொபைல் ரீசார்ஜ். மதியச் சாப்பாடு, வீட்டிலிருந்து கொண்டுவராத நாளில். டியூஷன். வங்காளத்தில் பட்டப்படிப்பு மாணவர்களும் பாடத்துக்கு ஓர் ஆசிரியரிடம் தனியே டியூஷன் போவது வழக்கம். போகாதவள் வகுப்பில் பின்தங்குகிறாள். இவள் ஒரே ஒரு பேப்பருக்கு மட்டும் போகிறாள். மாலையில் ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இவளே டியூஷன் எடுக்கிறாள். அந்தப் பணம் இந்தப் பணத்துக்குச் சரியாகப் போகிறது.

எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது ஃபீல்டு டூர். புவியியல் படிப்பவர்கள் வெளியூர் போய்க் கள ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. ரயில், தங்கல், சாப்பாடு என்று சில ஆயிரங்களை ஒரே வாரத்தில் கட்டச் சொன்னார்கள். விண்ணப்பித்திருந்த ஓர் உதவித்தொகை அப்போது வந்துசேரவில்லை. வந்தபோது டூர் முடிந்து அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. இடையில் அக்கா கட்டினார். "காகிமா கட்டலைன்னா அந்த மாசமே நின்னிருப்பேன்" என்றாள். குரலில் எந்த மிகையும் இல்லை. வகுப்பில் இன்னொரு பெண் அப்படித்தான் நின்றுபோனாளாம்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பிரெசிடென்சி பல்கலைக்கழகத்தின் மதிலை ஒட்டிப் பழைய புத்தகக் கடைகள். ஒரு கடைக்காரர் இவளைப் பார்த்ததும் தலையசைத்தார். போன ஆண்டுப் புத்தகங்களை அவரிடமே திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் பணம் சேர்த்து அடுத்த ஆண்டுப் புத்தகங்களை எடுத்துக்கொள்கிறாள். அருகிலேயே கல்கத்தா பல்கலைக்கழகம். 1857 ஜனவரியில் தொடங்கியது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே ஆண்டுதான். இரண்டுமே தொடங்கும்போது பெண்களை நினைத்துப் பார்த்தவை அல்ல. கல்கத்தா தன் தேர்வுகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது 1878இல்.

அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். நானும் அக்காவும் வடக்கே பிதான் சரணி வழியாக ஹெதுவா குளம் வரைக்கும் போனோம். குளத்துக்கு எதிரே பெத்யூன் கல்லூரி. இந்தத் தெருவைப் பார்க்காமல் கல்கத்தாவில் பெண்கல்வி பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெத்யூன் கவர்னர் ஜெனரல் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1849 மே 7 அன்று 21 சிறுமிகளோடு பள்ளியைத் தொடங்கினார். தட்சிணாரஞ்சன் முகர்ஜி நிலம் கொடுத்தார். மதன்மோகன் தர்க்காலங்கார் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாமல் தம் இரண்டு மகள்களை அனுப்பினார். கட்டணம் வாங்கவில்லை; செலவைப் பெத்யூன் தம் கையிலிருந்தே செய்தார். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் பள்ளியின் செயலாளரானார். சிறுமிகளை வீட்டிலிருந்து அழைத்துவரக் குதிரைவண்டி ஏற்பாடு செய்து, அதன் பக்கத்தில் பெண்கல்வியை வலியுறுத்தும் சமஸ்கிருத வாசகத்தை எழுதிவைத்தார்கள். அந்த வண்டி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கட்டணம் இல்லை என்று சொன்னதோடு அவர்கள் நிறுத்தவில்லை. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும் உள்ள தூரமும் தங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

1879இல் இங்கே கல்லூரி வகுப்பு தொடங்கியது காதம்பினி பாசு என்ற ஒரே மாணவிக்காக. 1883இல் காதம்பினியும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றார்கள். அதன் பிறகு காதம்பினி கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாதம் 20 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த வாசல் திறப்பதற்கு முன்பே, 1882இல், அபலா தாஸ் மருத்துவம் படிக்க நம் ஊருக்கு வந்தார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. வங்காள அரசின் உதவித்தொகையில் வந்த அபலா, உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பினார். பிறகு ஜகதீஷ் சந்திர போஸை மணந்து அபலா போஸ் ஆனார். 1919இல் நாரி சிக்ஷா சமிதியைத் தொடங்கி, பெண்களுக்கான பள்ளிகளை நிறுவினார்; கைம்பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவிக்கவும் வழி செய்தார்.

இந்தப் பெருமையில் ஒரு கறையும் உண்டு. பெத்யூன் பள்ளி 'நல்ல குடும்பத்து' இந்துச் சிறுமிகளுக்கு மட்டும் என்றே நடந்தது. கிறிஸ்தவரான சந்திரமுகிக்கே அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவரே பெத்யூன் கல்லூரியின் முதல்வரானார். முஸ்லிம் பெண்களுக்காக பேகம் ரொகேயா 1911இல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு சகாவத் நினைவுப் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது. மாஷியின் பாட்டி போன்ற ஒருத்தியை நினைத்து எந்த வண்டியும் புறப்படவில்லை.

இன்று மாஷியின் மகளுக்காக அரசு புறப்பட்டிருக்கிறது, அதை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். 2013இல் வந்த கன்யாஸ்ரீ திட்டம் பள்ளி மாணவிகளுக்கு ஆண்டு உதவித்தொகை தருகிறது. 18 வயதில், திருமணம் ஆகாமல் படிப்பில் தொடரும் பெண்ணுக்கு ஒரே தடவையாக 25,000 ரூபாய். 2017இல் ஐ.நா. பொதுச் சேவை விருது பெற்ற திட்டம் இது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு விவேகானந்தர் பெயரில் உதவித்தொகை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். சால்ட் லேக்கில் உள்ள அலுவலகத்தின் பெயரால் மாணவர்கள் அதை 'பிகாஷ் பவன் ஸ்காலர்ஷிப்' என்கிறார்கள். 2021இல் தொடங்கிய மாணவர் கடன் அட்டையில் 10 லட்சம் வரை 4 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கலாம். கடன் என்ற சொல்லுக்கே மாஷி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

மதியம் திரும்பிவந்த அந்தப் பெண்ணிடம் கன்யாஸ்ரீயில் வந்த 25,000 ரூபாய் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒரு மொபைல், சேர்க்கைச் செலவு. மிச்சம் வீட்டுக் கூரைக்கு. புயல் அடிக்கடி வந்துபோகும் பகுதி அது. கூரை ஒழுகும் வீட்டில் மகளின் பணத்தை மூன்று வருடம் தொடாமல் வைத்திருக்க எந்தத் தாயாலும் முடியாது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளுடைய அக்காள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள், கல்யாணம். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு 18 வயதுக்குப் பிறகு கல்யாணம் என்றால் அதே அரசு ரூபஸ்ரீ திட்டத்தில், 2018 முதல், அதே 25,000 ரூபாயைத் தருகிறது. படித்தாலும் 25,000, மணமுடித்தாலும் 25,000. கஷ்டப்படும் ஒரு வீட்டில் எந்தப் பக்கம் தராசு சாயும்? தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் 41.6 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். முந்தைய ஆய்விலும் இதே அளவுதான். தமிழ்நாட்டில் 12.8 சதவீதம்.

நாமும் திருமணத்துக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் பணமும், தாலிக்குத் தங்கமும். 2022 செப்டம்பர் 5 அன்று அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்கு, உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. தொகை சிறியது. ஆனால் மாதாமாதம் வருகிறது, படிப்பு நீடிக்கும்வரை வருகிறது. அந்த ஒழுங்கில்தான் அதன் பலம் இருக்கிறது என்று இங்கே இந்தப் பெண்ணின் கணக்கைக் கேட்ட பிறகு உறுதியாகத் தோன்றுகிறது. அவளை ஒவ்வொரு மாதமும் நிறுத்தப் பார்ப்பது சில நூறு ரூபாய்களும், வருடத்தில் ஒரு முறை வரும் சில ஆயிரங்களும்தான்.

அக்கா செய்வதும் இதைத்தான். மாதத்தின் முதல் வாரத்தில் பணத்தை அவள் கணக்கில் போட்டுவிடுகிறார். மாஷியின் சம்பளத்தோடு சேர்ப்பதில்லை. ஏனென்று கேட்டேன். "சேத்துக் குடுத்தா அது வேலைக்கான காசாயிடும். நாளைக்கு மாஷி வேற வீட்டுக்குப் போனாலும் இவ படிப்பு நிக்கக் கூடாது." ஃபீல்டு டூருக்கென்று தனியாகக் கொஞ்சம் எடுத்துவைக்கிறார். உதவித்தொகை விண்ணப்பம், புதுப்பித்தல் தேதிகளைக் காலண்டரில் குறித்து அவளுக்கு நினைவூட்டுகிறார். மதிப்பெண் பட்டியலைக் கேட்டு மிரட்டுவதில்லை. நன்றி சொல்லச் சொல்வதும் இல்லை.

சென்னையிலோ மதுரையிலோ உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்றால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கின்றனவா, புதுமைப் பெண் திட்டத்துக்கு அவள் தகுதியானவளா என்று இப்போதே கேளுங்கள். பிறகு, உங்களால் முடிந்த ஒரு தொகையை, அது எவ்வளவு சிறியதானாலும், பட்டம் வாங்கும்வரை மாதம் தவறாமல் அவள் கணக்கில் போடுங்கள்.